மணிலாவைக் கண்டவர்

எங்கள் ஊரில் மணிலாவைப் பார்க்காத ஆள் கிடையாது. கடலுக்குப் போகும் ஆண்கள், சருவத்தில் மீன் சுமந்து கருங்கல், அருமனைச் சந்தைகளுக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தாயிற்று. ஒருவரும் ஊரைவிட்டு நகரவில்லை. அதைக் கண்டுவந்த ஒருவரே எங்களுக்குக் காட்டிவிட்டார். சவரக்கடையில் காட்டுவார், சாவு வீட்டில் காட்டுவார், கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரன் கையில் சோறு காயக் காயக் காட்டுவார். நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வோம். பெயர் இருந்தது. ஒரு புனிதரின் பெயர். அந்தப் புனிதர் என்ன பாவம் செய்தார், இங்கே இழுத்து வைப்பதற்கு? கப்பல்காரர் என்றே இருக்கட்டும்.

என் தையல் கடை ஊர்க் கமிட்டி ஆபீசுக்கு நேர் எதிரே. என் வீடு அவர் வீட்டுக்கு அடுத்தது, நடுவில் ஒரே சுவர். பகலில் கடையிலும் சாயங்காலம் வீட்டிலுமாக அந்தக் குரலிலிருந்து எனக்கு விடுதலையே இல்லை. எந்தப் பேச்சிலும் இடையே ஒரு விரலை உயர்த்தி, "நான் கண்டவனாக்கும் மக்கா" என்பார். பேசிக்கொண்டிருந்தவர் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கண்டவரிடம் காணாதவர் என்ன பேச?

கண்டது பொய்யில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். கப்பல் முதலாளி கடனில் மூழ்க, கப்பலை மணிலா துறைமுகத்தில் பிடித்துக் கட்டிவிட்டார்கள். இவர் கரையிறங்கி, ஒரு விதவை அம்மாள் நடத்திய சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் சேர்ந்துகொண்டார். அங்கே அப்போது ராணுவச் சட்டம். ஜனாதிபதியாக இருந்தவன் எதிர்த்துப் பேசியவர்களையெல்லாம் சிறையில் போட்டு, பத்திரிகைகளை மூடி, தான்தான் எல்லாம் என்று உட்கார்ந்திருந்தான். மக்கள் அவனை ஒரு துப்பாக்கியும் எடுக்காமல் கடைசியில் துரத்தியதுவரை இவர் அங்கேதான் இருந்தார். பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்து, மிச்சமிருந்த ஆயுளை எங்கள் காதில் கழித்தார்.

நன்றாகச் சொல்வார். அதுதான் எனக்கு ஆற்றமாட்டாத எரிச்சல். ஊரடங்கு நேரத்தில் தெருவில் அகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், விடியும்வரை முகாமில் புல் பிடுங்க விட்டார்களாம். ஒருமுறை இவரும் அகப்பட்டார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பிரசவத்துக்கு மருத்துவச்சியைக் கூப்பிடப் போனவர், அழுதுகொண்டே பிடுங்கினாராம். வாத்தியாரின் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லையாம். "ஆனா ஊரு என்ன சுத்தம் தெரியுமா? ஒரு குப்ப கெடையாது" என்றார். அன்றைக்கே எனக்கு இந்த மனுஷனைப் பற்றி ஒரு சந்தேகம் விழுந்தது.

இன்னொரு கதை, பாத்திரம் அடித்த கதை. தேர்தல் என்று பேருக்கு ஒன்றை வைத்தான் அந்த ஜனாதிபதி. எதிர்த்து நின்றவர்கள் ஜெயிலுக்குள். பேச இடமில்லை, எழுத இடமில்லை. அதனால் தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் மணிலா முழுக்க வீட்டுக்கு வீடு சட்டியையும் பானையையும் எடுத்துத் தட்டினார்களாம். கார்க்காரர்கள் ஹாரனை அழுத்தினார்கள், கோயில்களில் மணி அடித்தார்கள். கடைக்கார அம்மாள் சோற்றுப் பானையை நெளியும்வரை அடித்தாள். இவரும் கரண்டியால் அடித்தார். இந்த இடத்தில் டீக்கடை மேசையை அடித்துக் காட்டுவார், கண்ணாடிக் குவளைகள் ஆடும், பிள்ளைகள் சிரிக்கும். கதை முடிந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கருத்துச் சொல்வார்: சத்தம் போட்டவன் எல்லாம் அந்தத் தேர்தலில் தோற்றான், ஆகையால் சத்தம் போடுகிறவன் முட்டாள்.

கடைசி நாலு நாள் கதையை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரிய சாலையில் லட்சக்கணக்கில் ஜனம். எதிரே டாங்கிகள். கன்னியாஸ்திரீகள் கையில் ஜெபமாலையோடு டாங்கிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள். கடைக்கார அம்மாள் கூடையில் ரொட்டி கொண்டுபோய்ப் பட்டாளத்துப் பையன்களிடம், தின்னு மகனே, நீ காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லையே என்று நீட்டுகிறாள். டாங்கிமேல் இருந்த ஒரு பையன் வாங்கித் தின்றுகொண்டே அழுகிறான். என் மாமியார் இதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கும் மயிர்க்கூச்செடுக்கும். அந்த நேரம் பார்த்து இவர் விரலை உயர்த்துவார். அந்த ஜனாதிபதி செய்த தப்பு என்ன என்று கேட்பார். நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம், கொலை செய்தான், கொள்ளையடித்தான் என்று. "ஒண்ணுமில்ல மக்கா. மொத நாளே ரேடியோவ அடச்சிருக்கணும். ஜனங்க கூடினதே ரேடியோ கூப்பிட்டுத்தான். அவன் கொஞ்சங்கொஞ்சமா விட்டுக்குடுத்தான், போனான்" என்பார்.

பாருங்கள் அநியாயத்தை! லட்சம் பேரோடு நின்றுவிட்டு, ஓடிப்போனவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கண் அந்த அம்மாளின் ரொட்டிக் கூடையைப் பார்த்தது, புத்தி அரண்மனைக்குள் உட்கார்ந்திருந்தது.

சுனாமி வந்தபோது இவருக்கு யோகம் அடித்தது. எங்களில் பாதிப்பேர் பள்ளிக்கூட முகாமில் பாய் விரித்துக் கிடந்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் இங்கிலீஷில் பேச ஆள் வேண்டியிருந்தது, இவர் பேசினார். பேசினவர் கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு வரிசையில் பேசினால் விசில், பிள்ளை அழுதால் விசில். ஒருநாள் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று, சேறும் ஈயுமாகக் கிடந்த கக்கூஸ் பக்கத்தை மறைத்து நீலத் தார்ப்பாயைக் கட்டினார். மணிலாவில் ஜனாதிபதியின் பெண்டாட்டி, வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் குடிசைகள் படக்கூடாது என்று வழியெல்லாம் வெள்ளையடித்த மதில் கட்டினாள் என்று இதே வாயால் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர்தான். என் மைனி திரேசம்மா, என் வீட்டுக்காரரின் அக்காள், அதை அவரிடம் நேராகவே கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. அது மதில், இது தார்ப்பாய் என்றார்.

அந்த விசிலோடு அவரைக் கமிட்டித் தலைவராகவும் ஆக்கினார்கள். எங்கள் கடற்கரையில் கமிட்டி என்றால் சும்மா இல்லை. கல்யாணம், சாவு, கடல் தகராறு எல்லாம் கமிட்டி தீர்க்க வேண்டும். கமிட்டியைக் கேட்காமல் போலீசுக்குப் போனால் ஊர்விலக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டாரோடு ஒருவரும் பேசக்கூடாது, அவர்களுக்கு விற்கக்கூடாது, அவர்களிடம் வாங்கக்கூடாது, செத்தால் பெட்டி தூக்கக்கூடாது. முன்பெல்லாம் மீறிப் பேசுகிறவர்களைக் கூப்பிட்டுத் திட்டி அபராதம் போட்டு விடுவார்கள். இவர் தலைவரானதும், அப்படி விட்டுக்கொடுத்துத்தான் மணிலாக்காரன் கெட்டான் என்று சொல்லி, சட்டத்தை இறுக்கினார். விலக்கப்பட்டவரோடு பேசுகிறவருக்கும் அதே விலக்கு. அதை வாசித்த அன்று அவர் முகத்தில் இருந்த களையை நான் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளைகள் முகத்தில் பார்த்ததில்லை.

அந்தச் சட்டம் முதலில் கிளாரா வீட்டுமேல்தான் விழுந்தது. கிளாரா மீன் விற்கிறவள். அவள் மகளைக் கட்டியவன் கமிட்டிச் செயலாளரின் மகன். குடித்துவிட்டுப் பெண்ணின் கையை முறித்துவிட்டான். கிளாரா கமிட்டியில் இரண்டுமுறை சொன்னாள். பேசித் தீர்ப்போம் என்றார்கள். மூன்றாவது முறை அவன் அடித்தபோது அவள் மகளை அழைத்துக்கொண்டு நேரே மகளிர் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். வேறு எந்தத் தாய் என்ன செய்வாள்? அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசித்துவிட்டார்கள். கோயில் பங்குச்சாமியிடம் போய் நின்றோம். அது ஊர்க் காரியம், தான் தலையிட முடியாது என்றார் அந்தப் புண்ணியவான்.

கிளாராவும் மகளும் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாமல் போனது அவள் அப்பாவுக்கு. சூசை மாமா வாதம் அடித்துக் கால் விளங்காமல் வாசலோரக் கட்டிலில் கிடந்தார். காதும் வாயும் மட்டும் நன்றாக இருந்தன. மனுஷர் மகா பேச்சுக்காரர். கடற்கரைக்குப் போகிற வழி அவர் வாசலோரம்தான். இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார், ஏலே மிக்கேலா, என்ன பாடு என்று உள்ளிருந்தே கூப்பிடுவார், போகிறவர் நின்று கடலில் என்ன கிடைத்தது என்று சொல்லிவிட்டுத்தான் போவார். விலக்கு விழுந்த பிறகும் அவர் கூப்பிட்டார். மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு போனான். எல்லோரும் போனார்கள். அப்பாவுக்குச் சொல்ல கிளாராவுக்கு மனசு வரவில்லை. இந்த ஊரைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. வலையில் மீன் கூடுதல், ஆட்கள் அவசரமாகப் போகிறார்கள் என்று தினம் ஒரு பொய் சொன்னாள். அவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாராவது ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமலே அப்பா போய்விடுவாரோ என்பதுதான் அவள் பயமெல்லாம்.

அதிலும் கொடுமை என்னவென்றால், சூசை மாமாவுக்குக் கப்பல்காரர் என்றால் உயிர். ஊர் முழுக்கச் சலித்துப்போன மணிலாவை அவர் ஒருத்தர்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். விலக்குக்கு முன்னால் தினம் சாயங்காலம் கப்பல்காரர் அந்தக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அந்த ரொட்டிக்காரி கதையைச் சொல்லும் என்று மாமா கேட்பார், இவர் சொல்லுவார். அப்படிப்பட்ட ஆள், அன்றைக்குப் பூசை முடிந்து மைக்கில் வாசித்தபோது குரல்கூட நடுங்கவில்லை.

தொடங்கினது திரேசம்மா மைனி. ஒரு திங்கட்கிழமை காலை, மீன் சருவம் இடுப்பில் இருக்க, நேரே கமிட்டி ஆபீசுக்குள் போனாள். நான் கடையில் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவள் சத்தமே போடவில்லை.

"நேத்து நான் கிளாராகிட்ட பேசினேன். சூசை அண்ணனுக்கக் கட்டில்ல இருந்து ரெண்டு நாழி வர்த்தமானம் சொன்னேன். எனக்கும் வெலக்கு சொல்லும்."

கப்பல்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டம் சட்டம் என்று அவளையும் விலக்கினார். மறுநாள் மீன் ஏற்றிக்கொண்டு போகும் டெம்போவில் மைனி ஏறினாள். டிரைவர் இறங்கச் சொன்னான். கூட இருந்த பெண்களெல்லாம் வரிசையாக மைனியிடம், என்ன மைனி, சொகந்தானா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு டெம்போவை விட்டு இறங்கி, கமிட்டி ஆபீசில் போய், நாங்களும் பேசியாயிற்று என்றார்கள். ஒருத்தி மட்டும், நான் பேசவில்லை, சிரிக்க மட்டும்தான் செய்தேன், அதற்கு என்ன தண்டனை என்று கேட்டாளாம். நானும் மிஷினைப் பூட்டிவிட்டுச் சூசை மாமாவைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும், இத்தனை நாள் எங்கே செத்துப் போயிருந்தீர்கள் எல்லாரும் என்று திட்டினார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கப்பல்காரர் மணிலாவையே நினைத்துக்கொண்டு தயாரானார். கோயில் மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மைக்செட்டைக் கழற்றித் தன் வீட்டு அறையில் வைத்தார். கமிட்டி ஆட்களுக்கு உத்தரவு போட்டார்: பெண்கள் ஜெபமாலையோடு வந்து முழங்காலில் நின்றால் அவர்கள் கண்ணைப் பார்க்காதே, தின்ன எதாவது கொடுத்தால் வாங்காதே. பாவம் அந்தத் தடியன்கள், ஆபீஸ் வாசலில் பசியோடு காத்துக்கிடந்தார்கள். ஒரு ஜெபமாலையும் வரவில்லை, ஒரு ரொட்டியும் வரவில்லை. பெண்கள் போராட்டம் என்று ஒன்றைச் செய்தால்தானே? அவர்கள் கிளாரா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு, ஒழுங்கு மரியாதையாக வந்து தங்களை விலக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்குள் ஊரில் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் விலக்கப்பட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கமிட்டிக்காரர்களின் வள்ளங்களில் சாளை மீன் வாரிக்கொண்டு வந்தது. மணலில் குவித்துப் போட்டு ஏலம் கூவினார்கள். வாங்க ஆள் இல்லை. பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். விலக்கப்பட்டவர்களோடு பேசக்கூடாதே, அவர்கள் எப்படி விலை கேட்பார்கள்? செயலாளர் தன் மீன் வெயிலில் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே கமிட்டியில் பாதிப்பேர், இதை விட்டுவிடுவோம் என்று கப்பல்காரரிடம் கெஞ்சினார்கள். விடமாட்டேன் என்றார். நான் கண்டவன், இப்போதுதான் உறுதியாக நிற்க வேண்டும் என்றார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அவர் மனைவி அதிகம் பேசாதவள். பேச இடம் கிடைத்தால்தானே? தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், நிதானமாகச் சொன்னாள்.

"நான் இண்ணைக்குக் காலத்தே கிளாரா வீட்டுக்குப் போனேன். சூசை அண்ணனுக்குக் கஞ்சி கோரிக் குடுத்தேன். இனி நீரு எனக்ககிட்ட பேசப்படாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இருபது வருஷமாக எங்கள் காதைத் தின்ற மனுஷனுக்கு, ஊரில் பேச நாலு கமிட்டிக்காரர்களைத் தவிர நாதியில்லை. அவர்களும் அவர்மேல் எரிந்துகொண்டிருந்தார்கள்.

சூசை மாமாவின் வாசலில் அந்த மூன்று நாளும் திருவிழாதான். ஆண்களும் வந்துவிட்டார்கள். மிக்கேல் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாமா ஒவ்வொருவரையும் திட்டினார், சாளை வந்ததா என்று கேட்டார், சிரித்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது, பேச்சு நடுவிலேயே போல, போய்விட்டார்.

பெட்டியைத் தூக்க ஊரே நின்றது. எல்லோரும் விலக்கப்பட்டவர்கள்தானே, யார் யாரைத் தடுக்க? பங்குச்சாமிக்கும் அன்றைக்குத் தைரியம் வந்து முன்னால் நடந்தார். மணி மட்டும் அடிக்கவில்லை. சாவி கப்பல்காரர் பையில். அவர் வீட்டைத் தாண்டித்தான் பெட்டி போனது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்தார், எனக்குத் தெரியும், நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுபது வருஷம் அந்த மணியைக் கேட்டு வாழ்ந்த கிழவனுக்கு ஒரு மணி அடிக்க விடாத ஆளை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை. மறுநாள் கமிட்டி கூடி விலக்கை எடுத்தது, அந்தச் சட்டத்தையும் எடுத்தது. அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. அடுத்த வருஷம் தானாகப் போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நாலைந்து வருஷம் கழித்து, அணு உலை வேண்டாம் என்று கடலோரம் முழுக்கப் பந்தலும் உண்ணாவிரதமுமாக ஒரு காலம் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் முன்னாலும் பந்தல் போட்டார்கள். டவுன் காலேஜுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். மணிலாவில் அமைதிப் போராட்டத்தை நேரில் பார்த்த ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போதாதா? வெள்ளைச் சட்டை, கையில் மைக். கன்னியாஸ்திரீகள், டாங்கி, ரொட்டிக்கார அம்மாள் எல்லாம் வந்தார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மணிலாவில் கற்றதைச் சொந்த ஊரிலும் செய்து காட்டினோம் என்று ஆரம்பித்தார். இந்த ஊரில் ஊர்விலக்கு என்று ஒரு கொடுமை இருந்தது, அதைப் பெண்களைக் கொண்டு அகிம்சையில் ஒழித்தோம், வழி சொல்லிக்கொடுத்தது அடியேன். திரேசம்மா மைனி என் தொடையைக் கிள்ளினாள். படுக்கையில் கிடந்த சூசை அண்ணனிடம் முதலில் போனதே தான்தான் என்றார். அவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரைக் காப்பாற்றிவிட்டாய் என்று சொல்லித்தான் கண்ணை மூடினார் என்றார். தொண்டைகூடத் தழுதழுத்தது. தூ! ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளாரா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சூசையின் மகள் இவள்தான் என்று யாரோ சொல்ல, காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். கிளாரா அவர்களைப் பார்க்கவில்லை. கப்பல்காரரைத்தான் பார்த்தாள்.

"மாமா, அப்பா கடைசி நாளு எல்லாரும் வந்துட்டாவ, கப்பல்காரன் மட்டும் எங்கன்னு கேட்டாரு. நான், ஒமக்குத் திரும்பக் கப்பல்ல வேல கெடச்சுப் போயிட்டீருன்னு சொன்னேன். சந்தோசப்பட்டாரு. வரும்போ புதுக் கத கொண்டு வருவாம்னு சொல்லீட்டுக் கெடந்தாரு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கைதட்டின பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கப்பல்காரர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒருமுறையாவது வாயடைத்து மேடையை விட்டு இறங்கப் போகிறார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, மணிலாவில் மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.